இரு செவியும் ஏழு திசையும்

கணினி விளையாட்டுக்கென ஹெட்செட் வாங்கப் புகும் மாணவர்கள், பெட்டியின்மேல் அச்சிட்ட ‘7.1’ என்னும் எண்ணைக் கண்டு மயங்குவதுண்டு. ஏழு திசைக்கு ஏழு ஒலிபெருக்கிகள், தாழ்ந்த சுருதிக்கு ஒன்று என்பது அதன் பொருள். ஆயினும், அக்கருவிகளுட் பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிபெருக்கிகள் உள்ளன.

இது ஏமாற்று வித்தையா? முற்றிலும் அன்று. நமக்கும் செவிகள் இரண்டே அல்லவா? வலப்புறத்து ஓசை இடச்செவியை எட்டச் சற்றே பிந்துகிறது. அக்காலம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. தலை இடைநின்று மறைப்பதால் ஓசை மெலிவதும் உண்டு. தாழ்ந்த சுருதிக்கு முன்னதும், உயர்ந்த சுருதிக்குப் பின்னதும் திசை காட்டுகின்றன என்று ராலே பிரபு 1907-இல் விளக்கினார். முன்னா பின்னா என்பதைச் செவிமடலின் மடிப்புகளே பெரிதும் உணர்த்துகின்றன.

இவ்வேறுபாடுகளைக் கணக்கிட்டு ஒலியில் ஏற்றுவது மென்பொருள். அக்கணக்கோ பொதுவானதொரு செவிமடலுக்குப் போட்டது. உங்கள் மடல் வேறாயின், பின்வரும் காலடி முன்னே கேட்கவும் கூடும். ஆகவே அணிந்து கேட்டே வாங்குங்கள். விண்டோஸ் கணினியில் இத்தகைய மென்பொருள் உடன் வருவதால், அவ்வெண்ணுக்காகத் தந்தையாரின் பணத்தை இறைக்க வேண்டா. நல்ல ஸ்டீரியோ ஹெட்செட்டே போதும்; மிஞ்சும் பணத்துக்கு மெத்தையின் மென்மையையும் மைக்கின் தெளிவையும் பாருங்கள்.