உட்கருவின் சுவரும் உடல்நலமும்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது என்பதை இல்லத்துப் பள்ளிச் சிறுவரும் அறிவர். இரத்தச் சிவப்பணுக்கள் போன்ற சில நீங்கலாக, ஏனைய உயிரணுக்களின் உள்ளே உட்கரு என்னும் சிறு உருண்டை உண்டு. 1831-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டுத் தாவரவியல் அறிஞர் இராபர்ட் பிரவுன், ஆர்க்கிட் செடியின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இதற்குப் பெயரிட்டார். நம் மரபுச் செய்திகள் பெரும்பாலும் இதனுள்தான் அடங்கியுள்ளன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே அறிஞர்கள் உட்கருவை ஒரு பத்திரப் பெட்டி போலக் கருதினர். உள்ளிருக்கும் பத்திரத்தைப் படிப்பதில் காட்டிய ஆர்வத்தைப் பெட்டியின் உறுதியை ஆராய்வதில் நெடுங்காலம் காட்டவில்லை. பெட்டியின் பலகை பழுதுபட்டாலும் உயிருக்கு ஊறு நேரும் என்பதை உணர்த்தியவை சில அரிய நோய்களே. அவற்றைப் பற்றி இங்கே சிறிது சிந்திப்போம்.

உறுதியும் நெகிழ்வும்

உட்கருவின் குறுக்களவு பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைவு. இத்துணைச் சிறிய இடத்தினுள், நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும் டி.என்.ஏ. இழைகள் 46 குரோமோசோம்களாக அடங்கியுள்ளன. உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு உண்டு. அதன் உட்புறத்தை ஒட்டி, லாமின் என்னும் புரதங்களால் பின்னிய வலை ஒன்று தாங்கி நிற்கிறது. உயிரணுவினுள் ஓடும் நுண்ணிழைகள் வெளிப்புறமிருந்து இச்சுவரோடு பிணைந்துள்ளன. ஆதலால் தசை சுருங்கினாலும், இரத்தக்குழாய் விம்மினாலும், அந்த இழுவிசை உட்கருவையும் எட்டுகிறது.

எல்லா உறுப்புகளிலும் இவ்வலை ஒரே அளவில் இல்லை. எலும்பு, தசை போன்ற உறுதியான திசுக்களில் லாமின்-ஏ மிகுதி. மென்மையான மூளையில் குறைவு. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒருவகையின் உட்கரு, பல மடல்களாகப் பிரிந்து மிகவும் நெகிழ்வாக இருக்கும். புண்பட்ட இடத்துக்கு விரைய, இரத்தக்குழாய்ச் சுவரின் இடுக்குகளில் அவை நுழைந்து செல்லவேண்டும் அன்றோ? அவரவர் பணிக்கேற்ற உறுதியே நலம் என்பதை நம் உடலே நமக்குக் கற்பிக்கிறது.

உட்கருவின் தோற்றம் மருத்துவருக்கும் வழிகாட்டும். புற்றணுக்களின் உட்கரு பல வேளைகளில் பெருத்தும் கோணியும் காணப்படும். கிரேக்க நாட்டில் பிறந்த மருத்துவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவு வகுத்த, கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறியும் சோதனை இதனையே அடிப்படையாகக் கொண்டது. தாய்மார்கள் வெட்கத்தால் இச்சோதனையைத் தவிர்த்தல் கூடாது.

சுவர் தளர்ந்தால்

எமரி, டிரைஃபஸ் என்னும் இரு மருத்துவர்களின் பெயரால் வழங்கும் தசைநலிவு நோய் ஒன்று உண்டு. சிறு வயதிலேயே முழங்கை மடங்கியவாறு இறுகும். குதிகால் தசைநாண் சுருங்கும். தசைகள் மெல்ல மெலியும். பின்னர் இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறும். உட்கருச் சுவரிலுள்ள எமரின் என்னும் புரதத்தின் குறையே இதற்குக் காரணம் என 1994-இல் கண்டனர். லாமின்-ஏ மரபணுவின் பழுதாலும் இது வரலாம் என்பது 1999-இல் தெரியவந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கும் இதயம், பழுதுற்ற சுவரால் துன்புறுவதில் வியப்பில்லை. இந்நோய் குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பின், உடன்பிறந்தோரும் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுதல் நன்று. உரிய காலத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவியைப் பொருத்தித் திடீர் மரணத்தைத் தடுக்க இயலும்.

குழந்தையில் வந்த முதுமை

இதனினும் உருக்கமானது புரோஜீரியா. 1886-இல் ஆங்கில மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் இதனை முதலில் விவரித்தார். பிறக்கும்போது நலமாகத் தோன்றும் குழந்தை, ஓரிரு ஆண்டுகளுக்குள் வளர்ச்சி குன்றும், முடி உதிரும், தோல் சுருங்கும், மூட்டுகள் இறுகும். அறிவோ சற்றும் குறையாது. இரத்தக்குழாய்கள் தடித்து, மருந்தின்றேல் சராசரியாகப் பதினான்கரை வயதில் உயிர் பிரியும்.

அமெரிக்காவில் சாம் பெர்ன்ஸ் என்னும் சிறுவனுக்கு இரண்டு வயது நிரம்புமுன் இந்நோய் எனத் தெரிந்தது. பெற்றோர் இருவருமே மருத்துவர்கள். எனினும் அவர்கள் கற்ற நூல்களில் இதற்கு மருந்தும் இல்லை, காரணமும் இல்லை. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1999-இல் புரோஜீரியா ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினர். நான்கே ஆண்டுகளில், 2003-இல், காரணம் வெளிப்பட்டது. சுமார் முந்நூறு கோடி எழுத்துகளைக் கொண்ட மரபுச் செய்தியில், லாமின்-ஏ மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது! இம்மாற்றம் பெரும்பாலும் புதிதாக நேர்வது. பெற்றோர் செய்த பிழையால் வருவதன்று.

அம்மாற்றத்தால் உருவாகும் குறைப்புரதம், நீங்கவேண்டிய கொழுப்பு வால் நீங்காமல் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. வலை தடித்து விறைக்கிறது. உட்கரு கசங்கிய தாள் போலாகிறது. இரத்தத்தின் விசையை இடைவிடாது தாங்கும் பெருங்குழாய்களின் தசையணுக்கள் மடிகின்றன. ஆகத் தளர்ச்சி மட்டுமன்று, மிகையான விறைப்பும் கேடே.

அவ்வால் ஒட்டுவதைத் தடுக்கும் லோனாஃபார்னிப் என்னும் மருந்து, முதலில் புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்டது. அதனைக் கொண்டு 2007-இல் குழந்தைகளிடம் ஆய்வு தொடங்கியது. சாமும் அதில் பங்கேற்றான். 2014 ஜனவரியில், தன் பதினேழாம் வயதில் அவன் மறைந்தான். 2020 நவம்பரில் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. அது நோயை நீக்குவதில்லை. ஆயினும் குழந்தைகளின் ஆயுளைச் சராசரியாக இரண்டரை ஆண்டுகள் நீட்டியதாக ஆய்வு காட்டிற்று.

இரண்டரை ஆண்டு என்பது சிறிதெனச் சிலருக்குத் தோன்றலாம். பிள்ளையின் பிறந்தநாளை எண்ணி எண்ணி வாழும் பெற்றோருக்கு அது சிறிதன்று. அரிய நோயுற்ற குழந்தை நம் தெருவிலும் இருக்கலாம். அக்குடும்பத்தை நோக்கி, ‘யார் செய்த குற்றமோ’ என்று முணுமுணுக்கும் வழக்கத்தை நாம் விட்டொழிப்போம். ஓர் எழுத்து பிறழ்ந்ததற்கு எவரும் குற்றவாளி அல்லர். அத்தாய் தந்தையர்க்குத் துணையாக நிற்பதே நம் கடமை.