பட்டாளத்திலிருந்து கணினித் துறைக்கு: வாசல் எங்கே இருக்கிறது?

பதினெட்டு, பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்த ஒரு சிப்பாய், ஓய்வூதியத்துக்கு வேண்டிய 15 வருஷ சேவையையும் அதற்கு மேல் சில வருஷங்களையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பும்போது, பெரும்பாலும் அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பியிருப்பதில்லை. பிள்ளைகளின் படிப்பும், வீட்டுக் கடனும், பெற்றோரின் முதுமையும் ஒருசேர நெருக்குகிற காலத்தில்தான் அவருடைய முதல் உத்தியோகம் முடிவடைகிறது. இப்படி முப்படைகளிலிருந்தும் வருஷந்தோறும் வெளியேறுகிறவர்கள் ஏறக்குறைய 60,000 பேர். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பிவரும் ஊர்களில், இவர்களில் பலருக்கு அடுத்த ஜீவனமாக வாய்ப்பது வங்கி வாசலிலோ தொழிற்சாலை வாசலிலோ செய்கிற காவல் வேலைதான். அந்த வேலையில் குறைவொன்றும் இல்லை. ஆனால், பதினைந்து வருஷம் ரேடியோ கருவிகளையும் ஃபைபர் கேபிள்களையும் பராமரித்த ஒரு ஹவில்தாருக்கும் அதுவே கதியென்றால், தேசம் செலவழித்துக் கற்பித்த வித்தை வீணாகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

கதவு திறக்காததன் காரணம்

ராணுவத்தில் 1911-இல் தோன்றிய சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவும், 1943-இல் தோன்றிய இ.எம்.இ. (மின்னணு, இயந்திரப் பொறியியல்) பிரிவும், விமானப் படையின் தொழில்நுட்பப் பிரிவுகளும் கற்பிக்கிற வித்தை சாமானியமானதல்ல. இருந்தும் தனியார் கம்பெனிகள் இவர்களைக் கண்டுகொள்ளாததற்குக் காரணம், அவை ஆள் எடுக்கிற முறையிலேயே இருக்கிறது. பெரிய மென்பொருள் கம்பெனிகள் ஆரம்ப நிலை ஊழியர்களைப் பெரும்பாலும் கல்லூரி வளாகங்களிலேயே தேர்ந்தெடுத்துவிடுகின்றன. எந்த வருஷம் பட்டம் பெற்றவர் என்பதே அங்கே முதல் கேள்வி. அனுபவஸ்தர்களைத் தேடும்போதோ, முன்பு எந்தக் கம்பெனியில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்கிறார்கள். ஜவான் இந்த இரண்டு வரிசையிலும் சேராதவர்: புதியவர் என்று சொல்ல வயது இடங்கொடுப்பதில்லை, அனுபவஸ்தர் என்று சொல்லவோ, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதியிருக்கிற ‘டிரேடு’ கம்பெனி அதிகாரிக்கு விளங்குவதில்லை. மெட்ரிக் தேறி 15 வருஷம் சேவை செய்தவரை, ராணுவக் கல்விச் சான்றிதழும் இருந்தால், மத்திய சர்க்காரின் ‘சி’ பிரிவு உத்தியோகங்களுக்குப் பட்டதாரிக்குச் சமமாகக் கொள்ளலாம் என்ற விதி உண்டு. அந்தப் பிரிவில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடும், சேவைக் காலத்தோடு மூன்று வருஷம் கூட்டி வயதில் கழித்துக்கொள்ளும் சலுகையும் உண்டு. ஆனால், இவற்றில் எதுவும் தனியார் ஸ்தாபனத்தைக் கட்டுப்படுத்தாது.

எந்த வாசல் பொருத்தமானது?

கணினித் துறை என்றாலே நிரல் எழுதுவதுதான் என்று எண்ணி, முப்பத்தெட்டு வயதில் இருபத்திரண்டு வயதுப் பட்டதாரிகளோடு அந்த ஒரே போட்டியில் இறங்குகிறவர்கள், தங்களுக்குச் சாதகமான இடத்தை விட்டுவிட்டுப் பாதகமான இடத்தில் போய் நிற்கிறார்கள். இந்தத் துறையில், எழுதப்பட்டதை இரவு பகலாக ஓடவைக்கிற வேலை என்று மற்றொரு பகுதி உண்டு. நெட்வொர்க் கண்காணிப்பு மையம், சைபர் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம், டேட்டா சென்டர், ஊழியர்களின் கணினிக் கோளாறுகளைத் தீர்க்கும் ஹெல்ப் டெஸ்க் ஆகியவை அதைச் சேர்ந்தவை.

இவற்றுக்கு ஆள் தேவை பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம். இப்படிப்பட்ட பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்களை அமைக்கும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2016 ஜூன் மாதத்தில் உத்தரவிட்டது. 2022 ஏப்ரலில் ‘செர்ட்-இன்’ என்ற மத்திய அமைப்பு, சைபர் தாக்குதல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. ஆறு மணி நேரக் கெடுவைக் காப்பாற்ற வேண்டுமானால், நள்ளிரவிலும் யாராவது ஒருவர் கண்விழித்திருந்தாக வேண்டுமல்லவா? கடலடிக் கேபிள்கள் கரையேறுகிற சென்னையிலோ, அம்பத்தூர், சிறுசேரி போன்ற பகுதிகளில் டேட்டா சென்டர்கள் பெருகியிருக்கின்றன.

‘எல்-1’ எனப்படும் முதற்படி ஊழியரின் வேலை, திரையில் வருகிற எச்சரிக்கைகளைக் கவனித்து, எது பொய், எது மெய் என்று விதிமுறைப்படி சோதித்து, மெய்யானதை மேல்நிலையாருக்கு அனுப்பி, ஷிஃப்ட் முடிகையில் நடந்தவற்றையெல்லாம் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைப்பதாகும். விழிப்பு, ஒழுங்கு, பதற்றமின்மை, குறிப்பெழுதும் வழக்கம் ஆகிய இதன் யோக்கியதாம்சங்களைப் பட்டாளத்தில் இருந்தவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது தொழில்நுட்பம் மட்டுமே.

சான்றும் தயாரிப்பும்

ராணுவச் சான்றிதழ் விளங்காத இடத்தில், சந்தைக்கு விளங்குகிற சான்றிதழ் ஒன்று வேண்டும். நெட்வொர்க் பக்கம் போகிறவருக்கு சிஸ்கோவின் சி.சி.என்.ஏ.வும், ஹெல்ப் டெஸ்க் பக்கம் போகிறவருக்கு காம்ப்டியாவின் ஏ பிளஸும், பாதுகாப்புப் பக்கம் போகிறவருக்கு அதே அமைப்பின் செக்யூரிட்டி பிளஸும் பெயர் பெற்ற நுழைவுத் தேர்வுகள். இம்மூன்றும் மூன்று வருஷத்துக்கே செல்லும் என்பதால், படிப்பைச் சேவையின் கடைசி இரண்டு வருஷங்களில் ஆரம்பித்து, தேர்வைக் கடைசி வருஷத்தில் எழுதுவதே உசிதம். சான்றிதழோடு, ஒரு பழைய கணினியில் லினக்ஸை நிறுவி, சிறிய நெட்வொர்க் ஒன்றை அமைத்து, அதைக் கெடுத்துத் திருத்திப் பழகியவர், நேர்முகத்தில் கேள்விக்குத் தடுமாறமாட்டார்.

சர்க்கார் உதவியையும் விட்டுவிடக் கூடாது. பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்த மறுகுடியமர்வு இயக்குநரகம், அதாவது டி.ஜி.ஆர்., ஓய்வுபெறும் தறுவாயில் இருக்கிற ஜவான்களுக்குக் கணினி சம்பந்தமானவை உட்படப் பல பயிற்சிகளைச் சர்க்கார் செலவில் அளிக்கிறது. வேலைவாய்ப்பு முகாம்களையும் நடத்துகிறது. ஊர் திரும்பியவுடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்வதும் அவசியம்.

விண்ணப்பத்தில் படைப்பிரிவின் பெயரையும் பதவியையும் மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. எத்தனை பேரை மேற்பார்த்தார், எவ்வகைக் கருவிகளுக்குப் பொறுப்பேற்றார், பழுதானால் எவ்வளவு நேரத்தில் சரிசெய்தார் என்று எவருக்கும் விளங்கும் நடையில் எழுத வேண்டும். அதே சமயம், 1923-ஆம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் பொருந்துவதாகையால், முகாம் இருந்த இடம், கருவியின் அந்தரங்க விவரம் முதலியவற்றைக் காகிதத்திலும் நேர்முகத்திலும் தவிர்க்க வேண்டும்.

ஆரம்பச் சம்பளம் பட்டாளத்தில் வாங்கியதைவிடக் குறைவாக இருக்கலாம். மேலாளர் அவரைவிடப் பல வயது இளையவராக இருக்கலாம். ஓய்வூதியம் கையில் இருப்பவர் முதல் இரண்டு வருஷத்துச் சம்பளத்தைப் பெரிதாக எண்ணாமல், எல்-1-இலிருந்து எல்-2-க்கு ஏறும் வழி உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

இனி வருகிறவர்கள்

ஓய்வூதியமே இல்லாதவர்களின் நிலை இன்னும் கடினமானது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி நான்கு வருஷம் சேவை செய்கிற அக்னிவீரர்களில் 25 சதவீதம் வரையில்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன், இருபதுகளின் முற்பகுதியிலேயே, 2026-ஆம் வருஷக் கடைசியை ஒட்டி வெளிவரத் தொடங்குவார்கள். வயது அவர்களுக்கு அனுகூலம், காலம் பிரதிகூலம். நான்கே வருஷ சேவைக்கு நடுவில் தனியே படித்துத் தேறுவது எல்லோருக்கும் சாத்தியமல்ல.

அமெரிக்காவில் ‘ஸ்கில்பிரிட்ஜ்’ என்ற ஏற்பாட்டின்படி, சேவையின் கடைசி 180 நாட்களுக்குள், ராணுவச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டே தனியார் ஸ்தாபனத்தில் வேலை பழகலாம். ஊழியரின் சாமர்த்தியத்தை முதலாளி தம் கண்ணாலேயே பார்த்துவிடுவதால், காகிதச் சான்றுக்கு அங்கே இரண்டாம் இடம்தான். சென்னையின் டேட்டா சென்டர்களும் வங்கிகளின் கண்காணிப்பு மையங்களும் இத்தகைய பழகுநர் இடங்கள் சிலவற்றை ஒதுக்கி, ராணுவமும் கடைசி ஆறு மாதத்தை அதற்கென விட்டுக்கொடுக்குமானால், நான்கு வருஷம் முடித்துவரும் இளைஞரும் பதினேழு வருஷம் முடித்துவரும் ஹவில்தாரும் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை, செய்தே காட்டிவிடலாம்.