சாய்தளமும் சட்டமும்

சேலத்திற்கு இரயிலில் வருபவர்கள் உண்மையில் இறங்குவது சூரமங்கலத்தில்தான். சேலம் ஜங்ஷன் அங்கேதான் இருக்கிறது. அடுத்த முறை அந்த நிலையத்துக்குப் போகும்போது, வண்டி வந்து நின்றவுடன் முண்டியடித்து ஏறாமல், பெட்டியின் வாசலைச் சற்றுக் கவனியுங்கள். உயர்மட்ட நடைமேடை எனப்படுவது தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 76 முதல் 84 செ.மீ. வரை உயரம் உள்ளது. பெட்டியின் உள்தளமோ ஏறத்தாழ 125 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இடையிலுள்ள 40 செ.மீ.க்கும் மேற்பட்ட உயரத்தை நாம் படியில் கால் வைத்து, பக்கத்துக் கம்பியைப் பிடித்து, யோசிக்காமலே கடந்துவிடுகிறோம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது ஒரு சுவர்.

"இரண்டு பேர் தூக்கி ஏற்றிவிட்டால் போயிற்று" என்று சொல்பவர்கள் உண்டு. உங்களையோ என்னையோ மூட்டையைப் போல நான்கு பேர் பார்க்கத் தூக்கி ஏற்றினால் எப்படி இருக்கும்? தூக்குபவர் கால் சறுக்கினால் என்ன ஆகும்? இக்கேள்விகளுக்கு விடை தேடி நம் நாட்டில் பலர் நீதிமன்றப் படிகளை ஏறியிருக்கிறார்கள். (அந்தப் படிகளிலும் பல இடங்களில் சாய்தளம் இருந்ததில்லை என்பது வேறு கதை.) அவ்வழக்குகளைப் படித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். வாதம் உரிமையில் தொடங்கி, கடைசியில் அளவுகோலில் வந்து நிற்கும்.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். சாய்தளம் பற்றி நீங்கள் இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு பள்ளிக் கட்டடத்தின் முன் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த உயரம் 45 செ.மீ. மாணவரும் சக்கர நாற்காலியும் சேர்த்து 80 கி.கி. என்போம். அந்த உயரத்துக்கு ஏற்ற நாம் செய்ய வேண்டிய வேலை சுமார் 353 ஜூல். எந்த வழியில் ஏற்றினாலும், உராய்வை விட்டுவிட்டால், இந்த வேலை மாறாது. ஆனால் தேவைப்படும் விசை மாறும். பாதை நீண்டால் விசை குறையும். சாய்தளத்தின் தந்திரம் இவ்வளவுதான்.

இடம் போதவில்லை என்று 1.8 மீட்டர் நீளத்தில் சாய்தளம் கட்டினால் அதன் சரிவு 1:4. அதாவது கிட்டத்தட்ட 14 பாகை. அதில் ஏற்றுவதற்கு 19 கி.கி. எடையைத் தூக்கும் அளவு விசை வேண்டும். தன் கைகளாலேயே சக்கரத்தைச் சுழற்றிச் செல்லும் பிள்ளையால் இது ஆகாது. அத்துடன், சரிவு கூடக் கூட அமர்ந்திருப்பவரின் ஈர்ப்பு மையம் பின்சக்கரங்களுக்குப் பின்னால் நகர்ந்து, நாற்காலி மல்லாந்து விழும் அபாயமும் உண்டு. அதே படிகளுக்கு 5.4 மீட்டர் நீளத்தில் கட்டினால் சரிவு 1:12. ஐந்து பாகைக்கும் குறைவு. விசையும் ஆறரை கி.கி.க்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதனால்தான் பல நாடுகளின் கட்டட விதிகளும், நம் நாட்டின் வழிகாட்டு நெறிகளும் 1:12 என்பதைச் சாய்தளத்தின் எல்லையாக வைத்துள்ளன. 1:4 சாய்தளம், பார்வையிட வரும் அதிகாரியின் கண்ணுக்குச் சாய்தளம். சக்கர நாற்காலிக்கு அது படிக்கட்டின் தம்பி.

இனி வழக்குக்கு வருவோம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு இரயில், பேருந்து, கட்டடம் ஆகியவற்றில் வசதி செய்ய வேண்டும் என்றது. ஆனால் "பொருளாதார சக்திக்கு உட்பட்டு" என்ற பொருள்படும் ஒரு வாலையும் சேர்த்திருந்தது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு பலர் எதையும் செய்யாமல் இருந்துவிட்டார்கள். 2005-இல் ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றார். சாலைகள், போக்குவரத்து, பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் தம்மைப் போன்றவர்கள் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்று கேட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சட்டம் மாறிவிட்டது. 2016-இல் புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. தரங்களைப் பற்றிய பிரிவில் பழைய வால் இல்லை. தரங்களை வகுத்து விதிகளை அரசு இயற்றியே தீர வேண்டும் என்றது அதன் 40-ஆம் பிரிவு. 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கெடுக்களுடன் பல கட்டளைகளைப் பிறப்பித்தது.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. 2017-இல் அரசு இயற்றிய 15-ஆம் விதி, எந்தத் துறை எந்த வழிகாட்டு நெறியைப் பின்பற்ற வேண்டும் என்று பட்டியலிட்டது. அந்த நெறிகளைப் புரட்டினால், "இப்படிச் செய்யலாம்", "இப்படி இருப்பது நல்லது" என்ற பாணியிலேயே பெரும்பகுதி இருந்தது. ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் நிலைமையை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தது. 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்புக் கூறியது. சட்டம் "செய்ய வேண்டும்" என்கிறது. விதியோ "செய்யலாம்" என்கிறது. எனவே 15-ஆம் விதி சட்டத்துக்கு முரணானது. மாற்ற முடியாத குறைந்தபட்ச அளவுகளைத் தனியே பிரித்து, மூன்று மாதங்களில் கட்டாய விதிகளாக இயற்றுங்கள் என்றது நீதிமன்றம். மனுப்போட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் 19 ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து பள்ளிப் படிப்பை முடித்துவிடும் காலம்.

நம் மாநிலத்தில் இதே சண்டை பேருந்தைப் பற்றி நடந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் வாதிடப்பட்ட எண்கள் 400, 650, 900. இவை தரையிலிருந்து பேருந்துத் தளத்தின் உயரம், மில்லிமீட்டரில். 900 மி.மீ. உயரமுள்ள பேருந்தில் சக்கர நாற்காலி தானாக ஏற முடியாது. 400 மி.மீ. தாழ்தளப் பேருந்தில் ஒரு சிறு மடிப்புப் பலகையை நடைபாதையில் விரித்தால் போதும். சாலைகள் இடம் கொடாது, விலை அதிகம் என்றது அரசுத் தரப்பு. பேருந்துகளுக்கு ஏற்றபடி மனிதர்கள் இருக்க வேண்டுமா என்று கேட்டனர் மாற்றுத்திறனாளிகள். பொறியியல் இதற்கு விடை வைத்திருக்கிறது. எஞ்சினைப் பின்னால் தள்ளி, தளத்தை அச்சுகளுக்கிடையே தாழ்த்தலாம். காற்றடைத்த வில்களிலிருந்து காற்றைச் சிறிது வெளியேற்றினால் நிறுத்தத்தில் வண்டி யானையைப் போல ஒரு பக்கம் மண்டியிடும். 2024 ஆகஸ்டில் சென்னையில் இத்தகைய புதிய பேருந்துகள் ஓடத் தொடங்கின.

எல்லாத் தடையும் கல்லும் சிமெண்டும் அல்ல. 2021 நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்குச் சட்டப்படி உரிய கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. விதி அறியாத கண்காணிப்பாளர் விடைத்தாளைப் பறித்துக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் அவருக்கு அநீதி நேர்ந்ததை ஒப்புக்கொண்டது. மறுதேர்வுக்கு மட்டும் ஆணையிடவில்லை. வேறு பரிகாரத்தை ஒரு வாரத்தில் ஆராயும்படி தேர்வு முகமைக்குக் கூறியது. போன ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தருவது சாய்தளம் கட்டுவதைவிடக் கடினம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. தையற்காரரிடம் ஓர் அளவு நாடா இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளிச் சாய்தளம் ஏறி முடியும் இடத்தின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அது தொடங்கும் புள்ளியிலிருந்து முடியும் இடத்துக்கு நேர்கீழே வரை, தரையோடு நீளத்தை அளந்து, உயரத்தால் வகுங்கள். விடை 12 அல்லது அதற்கு மேல் என்றால் நல்லது. 7 அல்லது 8 என்று வந்தால், அளவுகளையும் ஒரு படத்தையும் தாளில் எழுதித் தலைமையாசிரியரிடமோ பள்ளி மேலாண்மைக் குழுவிடமோ கொடுங்கள். 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு பள்ளிக் கட்டடங்களைப் பற்றியே பேசுகிறது என்பதையும் அதில் குறிப்பிடலாம். அங்கே பலன் இல்லாவிட்டால் முறையிடுவதற்கென்றே மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையர் இருக்கிறார்.

நாடா கையில் இருக்கும்போதே கழிப்பறைக் கதவையும் அளந்துவிடுங்கள். திறந்த வாசல் 90 செ.மீ. இருக்க வேண்டும்.