“ரீச்சர், வெளியில போகட்டோ?” பிள்ளை இப்படி அடிக்கடி கேட்பதன் காரணம் தண்ணீரிலேயே தொடங்கலாம்.

யாழ்ப்பாணத்தின் தீவகத்தில் உவர்க் கிணறுகள் அதிகம். புளியங்கூடலைச் சுற்றியுள்ள ஊர்களில் கோடை வந்தால் பல வீடுகள் பவுசர் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும். அதனால் வரும் தண்ணீர்ச் சிக்கனம் பிள்ளைகளுக்கும் பழகிவிடுகிறது. பள்ளிக்குக் கொண்டுபோன போத்தல் பாதி குடித்தபடியே வீடு திரும்பும்.

தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். இறுகிய மலத்தால் வீங்கிய குடல், முன்னால் இருக்கும் சலப்பையை நெரிக்கும். பிள்ளை அடிக்கடி ஓடும், அல்லது காற்சட்டையை நனைத்துக்கொள்ளும். பகலில் நனைக்கும் பிள்ளைக்கு மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அதனால்தான்.

அடுத்தது அடக்கும் பழக்கம். விளையாடிக்கொண்டிருக்கும் சிறுமி திடீரெனக் குந்தி, ஒரு குதிக்காலை அடியில் அழுத்தியபடி, செருப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்வாள். பலர் இதைக் குறும்பு என்கிறார்கள். கொண்டி இல்லாத, வாளியில் தண்ணீர் இல்லாத மலசலகூடத்துக்குப் போகக் கூசி, அவள் சலத்தை அடக்குகிறாள். ஏழு வயதுப் பிள்ளையின் சலப்பை சுமார் 240 மில்லிலீற்றர்தான் கொள்ளும். இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை போகத்தான் வேண்டும். “இடைவேளைக்குப் போகலாம், இரு” என்ற பதில் அந்த உடம்புக்குப் பொருந்தாது.

இரவில் பாய் நனைவது வேறு கதை. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் வரை நனைக்கிறார்கள். தாய் தகப்பன் இருவருக்குமே சிறுவயதில் இது இருந்திருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 77. (அப்பாவின் பழைய கதையை அம்மம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாம், அவர் மறந்திருக்க மாட்டார்.) சலத்தைக் குறைக்கும் ஹோர்மோன் இரவில் போதாமல் சுரப்பதும், சலப்பை நிறைந்தும் விழிப்பு வராததும் முக்கிய காரணங்கள். அடித்தால் ஹோர்மோன் சுரக்காது. பகலில் நன்றாகக் குடித்து, மாலைக்குப் பின் குறைப்பதே முதற்படி. நனைந்ததும் ஒலிக்கும் மணியைச் சில மாதங்கள் பாவித்தால் மூன்றில் இருவர் வரை தேறுகிறார்கள். அந்த ஹோர்மோனின் வேலையைச் செய்யும் டெஸ்மோபிரெசின் மாத்திரை வைத்தியர் சொன்னால் மட்டுமே.

நனைத்த பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்திச் சிரிக்கவைப்பது சட்டத்தோடும் மோதும் காரியம். கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை பாடசாலையில் உடல்தண்டனையைத் தடைசெய்தது. ஆசிரியர் அறைந்து செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அந்த உறுப்புரை இழிவாக நடத்துவதையும் தடுக்கிறது. அதிபரிடம் பேசியும் மாறாவிட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பிள்ளை நனைப்பதைச் சொல்லலாம். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையில் காட்டினால், தேவைப்படும்போது யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இரண்டிலும் காசு இல்லை. குடித்தது எவ்வளவு, எப்போது போனது, எப்போது நனைந்தது என்று இரண்டு நாள் கொப்பியில் எழுதிக் கொண்டுபோனால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

சலம் போகும்போது எரிவு, காய்ச்சல், சலத்தில் இரத்தம், கால் பலவீனம் இருந்தால் தாமதிக்கக் கூடாது. மாதக்கணக்காக நனைக்காமலிருந்த பிள்ளை திடீரென நனைத்து, ஓயாமல் தண்ணீர் கேட்டு, மெலிந்தும் வந்தால் அது நீரிழிவாக இருக்கலாம். அன்றைக்கே இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும்.