கிளிப் கழற்றிய பிறகும் தாடை வளரும்

எட்டாம் வகுப்பில் பல்லுக்குக் கிளிப் போட்டு, பத்தாம் வகுப்பில் கழற்றிய பையன் அவன். இன்ஜினீயரிங் படிக்கச் சென்னைக்குப் போனவன் பொங்கல் விடுமுறைக்கு மன்னார்குடி திரும்பும்போது, கீழ் முன்பற்கள் மறுபடி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. டாக்டர் சரியாகச் செய்யவில்லை என்று வீட்டில் பேச்சு எழும். பெரும்பாலும் குறை அங்கே இல்லை. பல்லை வரிசைப்படுத்திய வயதில் பையனின் தாடை வளர்ந்து முடிந்திருக்கவில்லை.

கீழ்த்தாடை தாமதமாகத்தான் ஓயும்

மேல்தாடையின் வளர்ச்சி முதலில் அடங்கிவிடும். கீழ்த்தாடை அதற்குப் பிறகும் வளரும். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 15, 16 வயதுக்குள் வேகம் குறைந்துவிடுகிறது. ஆண் பிள்ளைகளுக்கு 18 வயதைத் தாண்டியும், சிலருக்கு 20 வயதுக்கு மேலும் சிறிது சிறிதாகத் தொடரும்.

டென்மார்க்கில் ஆய்வு செய்த ஆர்னே பியோர்க், 1950-களில் பிள்ளைகளின் தாடை எலும்பில் நுண்ணிய உலோக ஊசிகளைப் பதித்து, பல ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கீழ்த்தாடை நீள்வதோடு, வளரும்போது சற்றே சுழலவும் செய்கிறது என்பது அதில் தெரிந்தது. அப்படி முன்னோக்கி வரும் கீழ்ப்பற்களை மேல்பற்களும் உதடும் தடுக்கின்றன. போக இடமில்லாமல் அவை உள்பக்கம் சாய்ந்து நெருக்கியடிக்கும். பழி பெரும்பாலும் ஞானப்பல் மேல்தான் விழுகிறது. ஆனால் நெரிசலைத் தடுப்பதற்காக மட்டும் ஞானப்பல்லைப் பிடுங்குவதற்கு ஆய்வுகளில் ஆதரவில்லை.

யாருக்குக் கவனம் கூடுதலாக வேண்டும்?

வாயை மூடும்போது கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் வரும் பிள்ளைகளுக்குத்தான் முதலில். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ அதே தாடை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்பது பத்து வயதில் சிகிச்சை செய்து கடி சரியாகிவிட்டாலும், பூப்பெய்தும் பருவத்து வளர்ச்சியில் கீழ்த்தாடை மறுபடி முந்திக்கொள்ளலாம். கோளாறு கடுமையாக இருந்தால் வளர்ச்சி நின்ற பிறகு தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும். நின்றுவிட்டதா என்பதை, ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு அறிவார்கள்.

அடுத்து, மூக்கடைப்பால் வாய்வழியே மூச்சு விடும் பிள்ளைகள். சம்பா அறுவடையின்போது தை மாதத்தில் களத்திலும் சாலையோரத்திலும் நெல் தூசி பறக்கிற ஊர்கள் நம்முடையவை. மூக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது அடைப்பைக் கூட்டும். எப்போதும் வாய் திறந்தே இருந்தால் நாக்கு அண்ணத்தில் படியாது, மேல்தாடை குறுகும், முகம் நீளவாக்கில் வளரும். சிகிச்சைக்குப் பின் மேல், கீழ் முன்பற்களுக்கிடையே மீண்டும் இடைவெளி விழ இதுவும் ஒரு வழி. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்காமல் கிளிப்பை மட்டும் நம்புவதில் பயனில்லை.

ரிடெய்னர் எதைப் பிடிக்கும்?

கிளிப் கழற்றியதும் பல் புதிய இடத்தில் வேர்பிடிக்காத நாற்று போலத்தான் இருக்கும். ஈறின் நார்கள் புதிய நிலைக்குப் பழக ஓராண்டு வரை ஆகலாம். அதற்குத்தான் ரிடெய்னர். கழற்றி மாட்டும் கம்பித் தகடு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை, பல்லின் உள்பக்கம் ஒட்டும் மெல்லிய கம்பி என்று அதில் வகைகள் உண்டு. முதல் சில மாதங்கள் டாக்டர் சொன்னபடி நாள் முழுக்கவும், பிறகு இரவில் மட்டும் என நீண்ட காலமும் அணியச் சொல்வார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிகிச்சை முடித்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ரிடெய்னரை நிறுத்திப் பத்தாண்டு கழிந்தபோது, பெரும்பாலோரின் கீழ்ப்பல் வரிசை கலைந்திருந்தது.

ஆனால் ரிடெய்னர் பல்லைத்தான் பிடிக்கும், தாடையின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தாது. ஒழுங்காக மாட்டியும் கடி மாறுகிறது என்றால் பிள்ளையைத் திட்ட வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

விடுதிக்கு அனுப்பும் முன்

பேப்பரில் சுற்றி வைத்த ரிடெய்னர் விடுதி மெஸ்ஸில் குப்பைக்குப் போய்விடும். சிறு டப்பா கொடுத்தனுப்புங்கள். வெந்நீரில் கழுவினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். சில நாள் மாட்டாமல் விட்ட பிறகு இறுக்கமாக இருந்தால் பல் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். பொருந்தவே இல்லையென்றால் அழுத்தித் திணிக்கக் கூடாது.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, பல் அச்சு ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஊர் மாறினால் அடுத்த டாக்டர் தாடை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளக்க அவை வேண்டும். காவிரி டெல்டாக்காரர்களுக்குச் சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெண் பிள்ளைக்குப் பதினேழு வரை, ஆண் பிள்ளைக்கு இருபது வரை ஆண்டுக்கொரு முறையாவது காட்டுங்கள்.