கட்டைகள் சொல்லும் கதை

மடுல்சீமைத் தோட்ட லயத்தில், தேய்ந்த ரப்பர்ச் செருப்பைச் சக்கரமாக வெட்டி வண்டி ஓட்டும் சிறுவனுக்கு எவரும் செய்முறைத்தாள் கொடுப்பதில்லை. அத்தகைய கற்பனைக்காகவே வாதாடுகிறது 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லெகோ மூவி’ என்னும் நகைச்சுவைச் சித்திரப்படம்.

டென்மார்க்குத் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் 1932இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ஒன்றையொன்று இறுகப் பற்றும் பிளாஸ்டிக் கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. கணினியால் உருவான இப்படத்தில் கடலலையும் புகையுங்கூடக் கட்டைகளே.

தாம் கட்டிய நகரம் குலையாதிருக்கப் பசையிட்டு ஒட்ட முனைகிறார் தந்தை. அதைக் கலைத்துப் புதிதாய்க் கட்ட விழைகிறான் மகன். அவன் கைவண்ணங் கண்டு தந்தை மனம் மாறுகிறார். ஒட்டிவிட்டால் அது காட்சிப்பொருள். கலைக்க முடிந்தால்தான் விளையாட்டுப்பொருள்.

செருப்பை வெட்டிய பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், வண்டி ஓடுகிறதா என்று பார்ப்பது பெற்றோர்க்கு அழகு.