மலிவு இலை வாங்கினால் கூலி போச்சு! தென்காசி பீடிப் பெண்கள் போடும் ‘ஆயிரம்’ கணக்கு

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் தென்காசி பஸ் நிலையத்தில் நிற்க இடம் இருக்காது. பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் போகிற கூட்டம் ஒரு பக்கம். நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான் பழம் என்று பேரம் பேசும் கூட்டம் இன்னொரு பக்கம்.

இதே ஊரில், இதே சாரலில், வேறொரு பேரமும் நடக்கிறது. குளிக்க வருகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை.

சாக்கு மூட்டைக்கு முன்னால் குனிந்து நிற்கிறார் ஒரு பெண். கையில் ஒரு காய்ந்த இலை. அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். திருப்பிப் பார்க்கிறார். விரலால் நீவுகிறார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்க்கிறார்.

“அண்ணாச்சி, இது மழையில நனஞ்ச இலைல்லா?”

“இல்லம்மா, நல்ல இலை. நம்பி எடுத்துட்டுப் போ.”

நம்பி எடுத்துக்கொண்டு போய், இலை சரியில்லை என்றால்? அந்த வாரக் கூலியில் ஒரு பங்கு கோவிந்தா!

கம்பெனி இலை இருக்க, கடை இலை ஏன்?

தென்காசி வட்டாரத்தில் கீழப்பாவூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம், சுரண்டை, கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். இந்தச் செய்தியைப் பஸ்சில் படித்துக்கொண்டு போகிறவர்களில் பலருக்கு, பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியதே அம்மா சுற்றிய பீடிதான்.

வேலை இப்படி நடக்கிறது. பீடிக்கடையில் இலை, தூள், நூல் மூன்றையும் கொடுப்பார்கள். இலையும் தூளும் எடை போட்டு வரும். வீட்டில் சுற்றி, எண்ணிக் கட்டி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு.

இங்கேதான் சிக்கல். கொடுப்பது எடைக் கணக்கு. கேட்பது எண்ணிக்கைக் கணக்கு! ஆயிரம் பீடிக்கு இலை பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு மேல், முக்கால் கிலோவுக்குள் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்பதை இலையின் தரம்தான் முடிவு செய்யும். ஓட்டை இலை, கறுத்த இலை, நரம்பு தடித்த இலை வந்துவிட்டால் அதே எடையில் எண்ணூறோ எண்ணூற்றைம்பதோதான் தேறும். மீதிக்கு என்ன செய்வது?

கைக்காசு போட்டு இலை வாங்க வேண்டியதுதான். பல வீடுகளில் வாரா வாரம் நடப்பது இதுதான்.

சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு, “துணி பத்தாட்டா நீரே வாங்கிப் போட்டுக்கிடும்” என்று சொன்னால் எந்த டெய்லராவது ஒத்துக்கொள்வாரா? பீடியில் மட்டும் அது வழக்கமாகிப் போய்விட்டது.

துரைக்கு பைப், இவருக்கு இலை

பைப் பிடிக்கிறவர்கள் பைப் வாங்கும்போது மரத்தைப் பார்ப்பார்கள். நல்ல பைப் என்றால் பிரையர் என்கிற வேர்க்கட்டையில் கடைந்ததாக இருக்கும். மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளரும் ஒரு புதர்ச் செடியின் அடிவேர் முண்டு அது. சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கருகாது. மரத்தில் ரேகை எப்படி ஓடுகிறது, துளை நேராக விழுந்திருக்கிறதா, கிண்ணத்தின் சுவர் தடிப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுப்பார்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் பளபளப்பை விட்டுவிட்டு மரத்தை மட்டும் பார்ப்பார்கள்.

பீடிக்கு இலைதான் பைப். தூளைச் சுமக்க வேண்டும், சுற்றும்போது கிழியக் கூடாது, திரி மாதிரி குபீரென்று எரிந்துவிடவும் கூடாது. முன்னாளில் ஆத்தி இலையிலும் பீடி சுற்றியது உண்டு. கடைசியில் நின்றது தெந்து என்று வடக்கே சொல்லும் மரத்தின் இலை. நம்மூரில் அதற்குப் பீடி இலை என்றே பெயர்.

இந்த இலை காற்றை எளிதில் உள்ளே விடாது. அதனால்தான் பீடி அடிக்கடி அணைந்து போகிறது. அணையாமல் இருக்க இழுத்து இழுத்துக் குடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பில் தாரும் கரியமில நச்சும் கூடுதலாகவே நெஞ்சுக்குள் போகின்றன. நல்ல இலையில் சுற்றினால் பீடி நல்லதாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். புற்றுநோய்க்கு இலையின் தரம் தெரியாது. குடிக்காமலே, நாள் முழுக்கத் தூளுக்கு முன்னால் உட்கார்ந்து இருமுகிற பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்கோ பெய்த மழை

வியாபாரத்துக்கு வரும் இலை தென்காசிப் பக்கத்து இலை அல்ல. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராஷ்டிரா, தெலங்கானா காடுகளில் பறிப்பது. மாசி, பங்குனியில் செடியை வெட்டி விடுவார்கள். துளிர்த்து வரும் புது இலையைச் சித்திரை, வைகாசியில் பறிப்பார்கள். மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் 50 இலை ஒரு கட்டு. ஆயிரம் கட்டு ஒரு மூட்டைக் கணக்கு. அதாவது 50 ஆயிரம் இலை! மத்தியப் பிரதேசத்தில் 1964-லேயே இந்த வியாபாரத்தை அரசு தன் கைக்குள் எடுத்துக்கொண்டது.

பறித்த கட்டுகளைத் தரையில் பரப்பி வெயிலில் காயப்போடுவார்கள். அந்த நாட்களில் மழை பெய்துவிட்டால் போச்சு. இலை கறுக்கும், புள்ளி விழும். அங்கே கோடையில் பெய்த மழை, இங்கே பாவூர்சத்திரத்தில் ஒரு பெண்ணின் சுளகில் வந்து விடிகிறது.

வரியும் ஒரு பக்கம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடி இலைக்கு 18 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம் ஆனது. கடைக்காரரிடம் பேரம் பேசும்போது இதை ஞாபகப்படுத்தினால் தப்பில்லை.

தொட்டுப் பார், முகர்ந்து பார்

சரி, குறைந்த காசில் நல்ல இலை வாங்குவது எப்படி? அனுபவப்பட்ட கைகள் முதலில் கட்டின் மேல் இலையைப் பார்ப்பதே இல்லை. நேராக நடுவில் விரலை விட்டுப் பிரிக்கும். கல்யாண வீட்டுக்கு வாங்கும் வெற்றிலைக் கட்டு போலத்தான் இதுவும். மேலே சிரிக்கும், உள்ளே அழும்.

நடுவில் இருந்து எடுத்த இலையை வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். பூச்சி குத்திய ஓட்டை எல்லாம் அப்போதுதான் தெரியும். ஊசி முனை அளவு ஓட்டை என்றாலும், அது வெட்டும் அளவுக்குள் விழுந்தால் அந்தத் துண்டு வீண்.

பிறகு நிறம். பச்சை கலந்த பழுப்பு, செம்பழுப்பு என்றால் எடுக்கலாம். ஒரே சீராக இருக்க வேண்டும். கறுப்புத் திட்டு இருந்தால் கைவைக்க வேண்டாம். அடுத்தது நரம்பு. நடு நரம்பு எல்லா இலைக்கும் உண்டு. பக்க நரம்புகள் தடித்துப் புடைத்து நின்றால்தான் தொல்லை. சுற்றும்போது அங்கேதான் விரியும். கத்தியால் சீவிச் சீவியே பொழுது போய்விடும்.

அளவையும் பார்க்க வேண்டும். பெரிய இலையில் இரண்டு துண்டு, மூன்று துண்டு என்று வெட்டலாம். சின்ன இலையில் ஒன்றுதான். தகர அளவை வைத்து வெட்டிவிட்டு மீதியைப் பார்த்தால், சின்ன இலையில் பாதிக்குப் பாதி குப்பைக்குப் போயிருக்கும்.

ஏமாறுகிற இடம் ஈரம். இலை நொறுங்காமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பது வழக்கம்தான். ஆனால் தெளித்த தண்ணீருக்கும் இலை விலைதானே! ஒரு பிடி இலையைக் காதருகே வைத்து மெல்ல அழுத்தினால் சரசரவென்று சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லாமல் துணி மாதிரி மடங்கினால் எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. தொட்டதும் தூளாய் உதிர்ந்தால் அதுவும் ஆகாது. ரொம்ப நாள் பழசு.

கடைசியாக மூக்கு. பழைய சாக்கு வாடை, புழுங்கல் வாடை அடித்தால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விலையை எவ்வளவு குறைத்தாலும் அது வேண்டாம்.

கிலோ விலை ஏமாற்றும்

இவ்வளவும் பார்த்துவிட்டுக் கடைசியில் பலர் கோட்டை விடுவது விலையில்தான். இரண்டு மூட்டை இருக்கும். ஒன்றில் விலை குறைவு. கை தானாக அங்கே போகும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு இலை கிலோ 240 ரூபாய். இன்னொன்று 300 ரூபாய். மலிவு இலையில் ஆயிரம் பீடிக்கு 750 கிராம் பிடிக்கிறது. நல்ல இலையில் 550 கிராம் போதும். மலிவு இலைக்கு ஆயிரத்துக்கு ஆன செலவு 180 ரூபாய். நல்ல இலைக்கு 165 ரூபாய். கிலோவுக்கு 60 ரூபாய் மிச்சம் பிடித்ததாக நினைத்தவருக்கு ஆயிரத்துக்கு 15 ரூபாய் நஷ்டம்!

நஷ்டம் அதோடு நிற்காது. மோசமான இலையில் சுற்றிய பீடி செக்கர் கைக்குப் போனதும் கழிவு விழும். 50 பீடியைத் தள்ளினால் 50 பீடிக்கான இலையும் உழைப்பும் போச்சு. அதை ஈடுகட்ட மறுபடியும் இலைக்கடை வாசல்.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் 100 கிராம் மட்டும் வாங்குவார்கள். வீட்டில் நனைத்து, வெட்டி, துண்டை எண்ணிப் பார்ப்பார்கள். 180 துண்டு தேறியதா, 130-தானா? அதற்குப் பிறகுதான் அந்த மூட்டையில் இருந்து கிலோக் கணக்கில் எடுப்பது. பஸ் காசு ஒரு தடவை கூடுதலாகும், அவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்து ஒருத்தரை அனுப்பினால் அதுவும் மிச்சம்.

சட்டத்தில் ஏறிய இலை

இந்த இலைச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. 1966-ல் நாடாளுமன்றம் கொண்டு வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே இதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். முதலாளி கொடுக்கும் மூலப்பொருள் பற்றிய தகராறு, பீடியைக் கழித்தது பற்றிய தகராறு, கழித்த பீடிக்குக் கூலி பற்றிய தகராறு என்று மூன்றையும் பெயர் சொல்லியே எழுதி, மாநில அரசு குறிக்கும் அதிகாரி சுருக்கமாக விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்றது சட்டம். 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, அந்தப் பழைய சட்டம் அவற்றுக்குள் போய்விட்டது.

சட்டம் எதுவானாலும் கையில் எழுத்து இருக்க வேண்டும். பீடிக்கடைத் தராசில் இலை ஏறும்போதே எடையைப் பார்த்து, பாஸ் புத்தகத்தில் அன்றைய தேதியில் எழுதி வாங்குகிறவர்கள் குறைவு. வரிசையில் பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார். “என்ன மதினி, இன்னிக்குத்தான் புதுசா இலை வாங்குத மாதிரி பாக்க?” என்று கேலியும் வரும். பார்க்கத்தான் வேண்டும். கம்பெனி இலை மோசம் என்றால் வீட்டுக்குக் கொண்டு வந்து நனைத்த பிறகு சொல்லிப் பயன் இல்லை. நனைத்த இலையை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

சாரலில் கெடும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிக்காரர்களுக்கு இன்னொரு கவலை. குற்றாலத்துச் சாரல் காற்று இலைக்குப் பாதி நல்லது, பாதி கெட்டது. நனைத்து வெட்டிய இலை சீக்கிரம் காயாது. சுற்றுவதற்குப் பதமாக இருக்கும். ஆனால் வாங்கி வைத்த காய்ந்த இலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிமென்ட் தரையில் மூட்டையை வைத்தால் நாலைந்து நாளில் அடி இலையில் வெள்ளை பூத்துவிடும்.

அதனால் சீசன் மாதங்களில் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குவதே லாபம். பலகை மேலோ கயிற்றுக் கட்டில் மேலோ, சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். அடுப்பங்கரைப் பக்கம் பரணில் வைத்தால் இன்னும் நல்லது. வெயில் முகம் காட்டுகிற அன்று கட்டைப் பிரித்து அரை மணி நேரம் முற்றத்தில் காட்டி எடுக்கலாம். அதற்கு மேல் விட்டால் மொறுமொறுவென்று ஆகி, வெட்டும்போது உடையும்.

பங்குனி, சித்திரையில் கதை தலைகீழ். அப்போது நனைத்த இலையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, தேவைப்படும்போது பத்துப் பத்து இலையாக உருவி வெட்டுவார்கள்.